அணுக்கருவும் அருத்தாபத்தியும்

கண்ணுக்கு எட்டாத பொருள் உண்டென்பதை எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், நிறுவுவது? மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றே போதும், மற்றவை இவற்றுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் முடிபு.

கருதலுக்கு, அதாவது அனுமானத்துக்கு, முன்னனுபவம் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து டேனரிகளில் குரோம் ஏற்றிய தோலின் ஓரத்தை நறுக்கிக் கொதிநீரில் சில நிமிடம் போடுவார்கள். துண்டு சுருளாமல் கிடந்தால் குரோம் நன்றாகப் பிடித்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டும் சேர்ந்தே வருவது பலமுறை பார்த்துத் தெரிந்தது. ஐயம் எழுந்தால் வேதியியல் பகுப்பாய்விலும் சரிபார்க்கலாம்.

அதே குரோமை மீட்சிச் சிதறலாலும் அறியலாம். மோதும் இரு துகள்களின் மொத்த இயக்க ஆற்றல் குறையாமல் அவற்றுக்குள்ளேயே பங்கிடப்படுவது மீட்சிச் சிதறல். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ளது போன்ற முடுக்கியால், வெற்றிடத்தில் வைத்த மாதிரியின்மேல் 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஹீலியம் அயனிகளைச் செலுத்த வேண்டும். மேற்பரப்பிலுள்ள குரோமில் மோதி நேர் பின்னே திரும்பும் அயனியிடம் சுமார் 14.7 லட்சம் மிஞ்சும்; கார்பனில் மோதியதிடம் 5 லட்சம்தான். சிலிக்கான் உணர்கருவி இந்த ஆற்றலை அளக்கிறது; அதிலிருந்து மோதப்பட்ட கருவின் நிறை கிடைக்கிறது. ஆனால் இந்த முறை சில மைக்ரான் ஆழத்துக்கு மேல் எட்டாது. டேனரிக்குக் கொதிநீரே மேல்.

இந்தக் கணக்கு அணுக்கரு உண்டென்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. 1909இல் கைகரும் மார்ஸ்டனும் பிளாட்டினத்தின்மேல் ஆல்பா துகள்களைப் பாய்ச்சியபோது ஏறத்தாழ 8000இல் ஒன்று திரும்பி வந்தது. கருவை யாரும் அதற்குமுன் கண்டதில்லை. எனவே இங்கே முன்னனுபவம் துணைக்கு வராது. மின்னூட்டம் ஒரு சிறு மையத்தில் குவிந்திருந்தாலன்றி இப்படி நிகழாது என்று 1911இல் ரூதர்ஃபோர்டு கணக்கிட்டார். வேறு எவ்வகையிலும் பொருந்தாததால் ஒன்றைக் கொள்ளும் இது அருத்தாபத்தி. கங்கையில் ஆயர்குடி உள்ளது என்றால் கரையில் என்றே கொள்ளவேண்டும் என மணிமேகலை காட்டும் வழி இதுவே. சித்தியார் இதையும் கருதலுள் அடக்குவது இந்த இடத்தில் பொருந்தவில்லை.

ஆனால் அருத்தாபத்தியின் வலிமை ‘வேறு வழியில்லை’ என்பதில் மட்டுமே உள்ளது. மையம் நேர்மின்னூட்டமாயினும் எதிர்மின்னூட்டமாயினும் ரூதர்ஃபோர்டின் சூத்திரம் ஒரே விடையைத் தருகிறது. அவரே அதைக் குறிப்பிட்டார். மையம் உண்டென்பது உறுதியானது. அதன் குறியைத் தீர்க்க வேறு சான்றுகள் தேவைப்பட்டன. இன்றைய ஆய்விலும் சிதறிய துகள்களின் ஒரே கோணப் பரவலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்புலங்கள் பொருந்துவதுண்டு. அதனால்தான் ஒரே இலக்கின்மேல் பல ஆற்றல்களில் சோதனையைத் திரும்பச் செய்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள்.