யாருடைய காதிலிருந்து அளப்பது?

எங்கள் மோட்டார்ஹோமின் கூரையில் இருந்த ஏசி போன கோடையில் செத்துப்போனது. ஒரே நாளில் சாகவில்லை. முதலில் கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. அப்புறம் விளக்குகள் மங்க ஆரம்பித்தன. கடைசியில் வெறும் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்தது, அதுவும் பழைய சத்தத்தில் துளியும் குறையாமல். "இந்தத் தடவையாவது கத்தாத ஒண்ணாப் பாரு" என்றாள் மனைவி. நான் நான்கு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒரு ஏசி வாங்க நான்கு வாரமா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது.

மோட்டார்ஹோமைப் பார்க்காதவர்களுக்கு: ஒரு மினி பஸ்ஸுக்குள் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் அடைத்துவைத்தால் எப்படியிருக்கும், அதுதான். நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம் இருக்கிறோம். செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி. இவ்வகை வண்டிகளின் கூரையில் பதினாலேகால் அங்குலச் சதுரத்தில் ஒரு ஓட்டை இருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் இந்த அளவை மாற்றுவதில்லை என்பதால் பழையதைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனியின் மெஷினைக்கூட அதில் உட்கார வைத்துவிடலாம். சிக்கல் அந்த ஓட்டையில்தான். நம் ஊர் வீடுகளில் ஸ்பிளிட் ஏசி வந்தபோது கம்ப்ரஸர் வெளிச்சுவருக்குப் போய்விட்டது, படுக்கையறை அமைதியானது. அந்த வெளிப்பெட்டி பக்கத்து ஃபிளாட்காரர் ஜன்னலைப் பார்த்து அனல் ஊதுவது வேறு கதை. மோட்டார்ஹோமில் அந்த வசதி இல்லை. கம்ப்ரஸர், வெளிக்காற்றாடி, உள்காற்றாடி எல்லாம் ஒரே பெட்டியில், படுத்திருப்பவரின் தலைக்கு நாலடி மேலே. பழைய ஜன்னல் ஏசியைப் பிடுங்கி மல்லாக்கக் கூரையில் வைத்த மாதிரி.

அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருந்தபோது இந்த வண்டியில் அவளை ஊர் சுற்றிக்காட்டுவது என் பல வருஷக் கனவு. அம்மாவுக்கு இரண்டு காதிலும் ஹியரிங் எய்ட். வீட்டில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் வண்டியில் ஏறியதும் மௌனமாகிவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன். இரண்டாவது பயணத்தில்தான் கவனித்தேன், வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டதும் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறாள். கேட்டேன். "போட்டுக்கிட்டிருந்தா அந்த மெஷின் என் காதுக்குள்ளயே ஓடுற மாதிரி இருக்குடா" என்றாள். ஹியரிங் எய்ட் பேச்சைப் பெரிதாக்கும்போது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. எங்களுக்கு அந்தச் சத்தம் ஒரு அசௌகரியம், சத்தத்தை மீறிக் கத்திப் பேசிக்கொள்வோம். அவளுக்கோ அது ஒரு கதவு. நாங்கள் பேசிச் சிரித்த மாலைகள் பூராவும் அவள் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எங்கள் வாயசைவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இது தெரிந்த பிறகும் நான் ஏசியை அணைக்கவில்லை. ஜூலை மாதம், வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் ஊர். வயதானவள், சூடு தாங்கமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த மாதம்தான் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். இளஞ்சிவப்புப் பாறைகள் ஏரிக்குள் சரிந்திறங்கும் அழகான இடம். மோட்டார்ஹோம்களும் கூடாரங்களும் பக்கம் பக்கமாக நிற்கும். எங்களுக்கு அடுத்த இடத்தில் ஒரு கூடாரம், கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி. இரவு பதினோரு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. அந்தப் பெண் நின்றிருந்தாள். மிகவும் தயங்கிக் கேட்டாள். ஏசி நின்று நின்று மறுபடி கிளம்பும்போதெல்லாம் குழந்தை விழித்துக்கொள்கிறது, கொஞ்ச நேரத்துக்கு அணைக்க முடியுமா?

அவள் சொன்னது நுட்பமான விஷயம் என்பது பிறகுதான் உறைத்தது. பழைய வகை ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். முழு வேகத்தில் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும், சூடேறியதும் தடாலென்று கிளம்பும். ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத் தூங்குகிற காது பழகிவிடும். இந்தத் 'தடால்' பழகாது.

"என் அம்மா உள்ளே இருக்கிறார், வயதானவர், உடம்பு சரியில்லாதவர், இந்தச் சூட்டில் அணைக்க முடியாது, மன்னிக்கவும்" என்றேன். அவள் உடனே, தான்தான் தப்பு செய்துவிட்டவள் போல, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். காலையில் கூடாரம் இருந்த இடம் காலியாக இருந்தது.

காபி குடிக்கும்போது அம்மா கேட்டாள், "ராத்திரி அந்தப் பொண்ணு என்ன கேட்டுட்டுப் போனா?" சொன்னேன். என் பதிலையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எனக்கு எதுக்குடா ஏசி? ஜன்னலைத் திறந்தா ஏரிக் காத்து வருது. நேத்தே ரெண்டு தடவை சொன்னேன். உனக்குத்தான் கேக்கல."

இரவில் அங்கே அவ்வளவு சூடு இல்லை என்பது உண்மை. கூரையில் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஜன்னலைத் திறந்திருந்தால் சமாளித்திருக்கலாம். குளிர் வேண்டியிருந்தது எனக்கு. என் தேவைக்கு அம்மாவின் வயதை முன்னால் நிறுத்தினேன். அம்மாவுக்கு நிஜமாகவே உடம்பு முடியாமல் இருந்திருந்தால் அதே வாக்கியம் ஒரு நியாயமாக இருந்திருக்கும். மூடிய வண்டிக்குள் வெப்பம் வயதானவர்களைக் கொல்லக்கூடியது, அதோடு ஒப்பிட்டால் சத்தம் சின்னத் தொல்லைதான். அந்த வித்தியாசம் தெரிந்துதான் அந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன். எதிரில் நிற்பவரால் பதில் சொல்ல முடியாத காரணம் அது.

சட்டப்படி என்மேல் பிழை கிடையாது. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். ஆனால் அங்கே மின் இணைப்பில் ஓடும் ஏசியை யாரும் அமைதியைக் கெடுப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்களின் விதி ஜெனரேட்டர் மாதிரியான இயந்திரங்களுக்கு எண்ணோடு வரம்பு வைக்கிறது: ஐம்பதடி தள்ளி நின்று அளந்தால் 60 டெசிபலைத் தாண்டக்கூடாது. எனக்கு அந்த விதியில் பிடித்தது அறுபது என்ற எண் அல்ல, ஐம்பதடி என்ற தூரம். அளக்கிறவன் எங்கே நிற்கவேண்டும் என்று அது சொல்கிறது.

இம்மானுவேல் காண்ட் சத்தத்தைத் தாங்கமுடியாதவர். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று வீட்டையே மாற்றியவர் என்பார்கள். கோனிக்ஸ்பெர்க்கில் சொந்த வீடு வாங்கிப் போனால், அருகே சிறைச்சாலை. கைதிகள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பக்திப் பாடல்கள் பாடினார்கள். 1784இல் நகர நிர்வாகத்தின் தலைமையில் இருந்த தன் நண்பர் ஹிப்பலுக்குக் கடிதம் எழுதினார், ஜன்னல்களை மூடிக்கொண்டு பாடச் சொல்லுங்கள் என்று. நான் முதலில் இதைப் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மூடிய ஜன்னலுக்குள் புழுங்குகிறவனின் நிலை அந்தக் கோரிக்கையில் எங்கேயும் இல்லை. என் பதிலில் கூடாரக் குழந்தை இல்லாதது போல. இதே காண்ட்தான் 1797இல், வாசலில் நின்று கேட்பவன் கொலைகாரனாகவே இருந்தாலும் அவனிடம் பொய் சொல்லக்கூடாது என்று எழுதினார். என் வாசலில் நின்றவள் தூக்கமில்லாத ஒரு தாய்.

இன்னொரு வழக்கு இதைவிடப் பொருத்தமானது. லண்டனில் விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர் வெகுகாலமாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு டாக்டரின் தோட்டம். டாக்டர் அந்தத் தோட்டத்தின் கோடியில், சமையலறைச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஒரு அறை கட்டினார். அப்புறம்தான் உரல் சத்தம் தொந்தரவானது. 1879இல் தீர்ப்பு டாக்டர் பக்கம். இந்த வழக்கை 1960இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் எடுத்து வேறு மாதிரிப் பார்த்தார். மிட்டாய்க்காரர் டாக்டருக்குத் தீங்கு செய்கிறார் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும், அவரை நிறுத்தினால் டாக்டர் அவருக்குத் தீங்கு செய்கிறார். தீங்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. யார் குறைந்த செலவில் தவிர்க்க முடியும் என்பதுதான் கேள்வி, பேரம் பேசுவதற்குச் செலவில்லை என்றால் இருவருமே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்றார்.

கெட்டிக்காரத்தனமான வாதம். அந்தக் கணக்கைப் போட்டாலே நான் தோற்றுவிடுவேன், ஏனென்றால் ஒரு ஃபேனின் சுவிட்சைத் தட்டுவதுதான் என் செலவு. அவர்களுக்கோ நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தைப் பிரிக்கும் செலவு. ஆனால் பேரம் நடக்கவேண்டுமானால் இரண்டு பேரும் உண்மையான விலையைச் சொல்லவேண்டும். நான் என் விலையைப் பொய்யாக ஏற்றிச் சொன்னேன், பேரம் அங்கேயே முடிந்தது.

இதோடுதான் நான் கடைக்குப் போனேன். ஆஸ்டினுக்கு வெளியே, வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய முற்றம். ஒவ்வொரு மெஷினின் அட்டையிலும் 'அமைதி' என்ற வார்த்தையும் ஒரு டெசிபல் எண்ணும். டெசிபல் ஏமாற்றக்கூடிய அளவு. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, ஆனால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தோன்றும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஆறு குறையும். ஆகவே எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வேகத்தில் என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போடுவது, எடைக்கல் இல்லாமல் தராசைக் காட்டுவது போல. நான் பார்த்த அட்டைகளில் ஒன்றிலும் அது இல்லை. வெளியே எவ்வளவு சத்தம் என்று ஒன்றிலும் இல்லவே இல்லை.

இரண்டு மெஷின்களில் வந்து நின்றேன். முதலாவது வழக்கமான 13,500 பி.டி.யூ., ஒரே வேகக் கம்ப்ரஸர், ஆனால் உள்பக்கம் காற்று வரும் வழியை வளைத்து, பஞ்சு மாதிரி ஒன்றை ஒட்டி, சத்தத்தை அமுக்கியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் அற்புதம். அம்மாவோடு தாராளமாகப் பேசலாம். விற்பனையாளரிடம், "இதை ஓடவிடுங்கள், நான் வெளியே போய் நின்று கேட்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நீங்க உள்ளேதானே தூங்குவீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான கேள்வி. வெளியே இருபதடி தள்ளி நின்றேன். என் பழைய மெஷினேதான். உள்ளே அமுக்கியதெல்லாம் உள்ளே வராமல் தடுத்ததுதான், பிறந்த சத்தம் பிறந்தபடியே மேலே போய் எல்லாப் பக்கமும் இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி என்பதே அறையின் சூட்டை எடுத்து, தன் சூட்டையும் சேர்த்து, வெளியே கொட்டும் மெஷின். சத்தத்துக்கும் அதே வழியைக் காட்டியிருந்தார்கள். வெளியே இருக்கும் காது வாடிக்கையாளர் இல்லை, அதற்காக யாரும் எதையும் அளப்பதில்லை.

இரண்டாவது இன்வெர்ட்டர் வகை. கம்ப்ரஸர் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பகலில் இதுவும் இரையத்தான் செய்யும். இரவில் வேகம் தணிந்து, நிற்காமல் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும், அந்தத் 'தடால்' இல்லை. உள்ளே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியேதான் வித்தியாசம், விலையிலும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மனைவி கோபப்படவில்லை, கணக்குப் போட்டாள். "மிச்சப் பணத்துல அத்தைக்கு மறுபடியும் டிக்கெட் போடலாம். முகமே தெரியாத யாரோ தூங்கணும்னு இவ்வளவா?" நியாயமான கேள்வி. என்னிடம் கௌரவமான பதில் இல்லை. நான் அந்நியர்கள் மேல் அன்பு பொங்கி அதை வாங்கவில்லை. குற்றவுணர்ச்சியில் வாங்கினேன். அந்தப் பெண்ணுக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் கிடையாது, அவள் எந்த ஊரோ. குற்றவுணர்ச்சியை ஒரு பொருளாக மாற்றிக் கூரையில் மாட்டிக்கொள்வது ஒருவிதச் சொகுசு என்றும் தோன்றுகிறது. அம்மாவின் டிக்கெட்டை அதற்கு விலையாகக் கொடுத்தேனா என்று இன்னும் எனக்கு உறுத்தல் உண்டு. ஃபோனில் சொன்னபோது அம்மா, "ஜன்னலைத் திறந்தா ஆச்சு, அதுக்குப் போய்" என்றாள்.

செப்டம்பரில் மறுபடி இங்க்ஸ் லேக் போனோம். இன்னும் புழுக்கம் விடவில்லை. எல்லோரும் தூங்கியபின் ஏசியை ஓடவிட்டு, மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய், கூடாரம் இருந்திருக்கக்கூடிய தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் மெஷின் கேட்கத்தான் செய்தது, ஒரு மூச்சு மாதிரி. பத்து நிமிஷம் போனதும் வேறு சத்தங்கள் தெளிய ஆரம்பித்தன. வலப்பக்க வண்டியின் கம்ப்ரஸர் கிளம்பியது. அது நின்றதும் அதற்கும் அப்பால் ஒன்று. அடுத்த வரிசையில் இன்னொன்று, அதில் ஏதோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கவேண்டும், தகரம் அதிர்ந்தது. இத்தனை நாள் என் மெஷினே இவற்றையெல்லாம் எனக்குக் கேட்காமல் மறைத்திருந்தது.

உள்ளே போய்ப் படுத்தும் தூக்கம் வரவில்லை. வலப்பக்கத்து மெஷின் எப்போது கிளம்பும் என்று காது காத்துக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வண்டியின் கதவு வரைக்கும் போனேன். உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லையோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தட்டாமல் திரும்பி வந்தேன்.