துணிவின் விலையைத் தருபவர் யார்?

புதுவைக் கடற்கரைச் சாலையில் ஒரு மாலைப்பொழுது, பத்திரிகைத் தொழிலில் புதிதாக நுழைந்துள்ள இளைஞர் ஒருவர் நம்மைச் சந்தித்தார். யானைத் தந்தத்துக்காக நடக்கும் கள்ள வேட்டையைப் பற்றி எழுதச் சத்தியமங்கலக் காட்டுக்குப் போய் வந்திருந்தார். கட்டுரை ஆயத்தமாக இருந்தது. உடன் கொண்டுவந்த படங்களுள் ஒன்றில், வேட்டைக்காரர் செல்லும் தடத்தைக் காட்டிய மலைக்கிராமத்து முதியவர் நேரே நோக்கி நின்றார்.

"முதற்பக்கத்துக்கு இந்தப் படம்தான்" என்றார் இளைஞர்.

"இவர் முகத்தை வெளியிடலாமா?" என்று கேட்டோம்.

"அவரே சம்மதித்துவிட்டாரே, ஐயா!" என்றார்.

அந்த விடை நம்மை அமைதியாக இருக்கவிடவில்லை. சம்மதம் பெற்றுவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

அவர் எடுத்துக்கொண்ட பொருள் சிறிதன்று. 2022 நவம்பர் 30ஆம் நாள் மணக்குள விநாயகர் ஆலயத்து யானை லட்சுமி இறந்தபோது புதுவை நகரமே கண்ணீர் வடித்ததை நாம் கண்டோம். காட்டில் சாகும் யானைக்கு அழ ஊர் இல்லை. நம் நாட்டு யானைகளுள் ஆணுக்கே தந்தம் உண்டு. ஆதலால் வேட்டைக்காரன் ஆண் யானைகளைத் தேடித்தேடிக் கொல்கிறான். கூட்டத்தின் இனப்பெருக்கமே குலைகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்களும் தந்த வாணிகத்தின் கதவை அடைத்தன. ஆயினும் மறைவில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும். எழுதாதே என்று இளைஞரிடம் நாம் சொல்லமாட்டோம்.

இத்துறையில் துணிவுக்கும் குறைவில்லை. வீரப்பன் காட்டை ஆண்டுகொண்டிருந்த 1993இல் 'நக்கீரன்' செய்தியாளர் சிவசுப்பிரமணியம் உள்ளே சென்று அவனைப் படமெடுத்து வந்தார். 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாட்கள் சிறைப்பட்டிருந்தபோது, அவ்விதழின் ஆசிரியர் கோபால் அரசுகளின் தூதராகக் காடேகினார். அவரே 2003இல் பொடா சட்டத்தின்கீழ்க் கைதானார். செய்தியாளனுக்கு ஆபத்து துப்பாக்கியிடமிருந்தும் வரும், அரசிடமிருந்தும் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் செய்தியாளனுக்குப் பின்னே ஓர் இதழ் உண்டு, வழக்கறிஞர் உண்டு, திரும்பிச் செல்ல நகரம் உண்டு. மலைக்கிராமத்தானுக்கு என்ன உண்டு? காட்டிக்கொடுத்தான் என்ற ஐயத்தாலேயே வீரப்பன் பலரைக் கொன்றான். அவனுக்கு உதவினார்கள் என்ற ஐயத்தால் அதிரடிப்படையிடம் துன்புற்றோம் என்று முறையிட்ட மக்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. இரு பக்கத்து ஐயத்துக்கும் இரையானவர்கள் ஊரைவிட்டுப் போக முடியாதவர்களே.

புதுவை வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1908இல் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசு பாய்ந்தபோது, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். இதழும் இங்கிருந்தே வெளிவந்தது. சென்னையில் சிறைப்பட்டவர், ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயரிருந்த சீனிவாசன். பாரதியாரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர் பட்ட துன்பம் உலகறியும். எழுத்தின் விலையை எழுதியவர் மட்டுமே தருவதில்லை என்பதற்காகவே சொல்கிறோம். சீனிவாசனின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

இனிச் சம்மதத்துக்கு வருவோம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அறிந்தவன் தருவதே சம்மதம். முதியவர் தம் வீட்டுக்கு வந்த விருந்தினர்க்கு முகங்காட்டினார். அதே முகம் அடிவாரத்துத் தேநீர்க்கடையில், தந்தம் வாங்குபவனின் கையில் விரியும் என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார். எண்ணியிருக்க வேண்டியவர் செய்தியாளரே. மிகுதியாக அறிந்தவனுக்கே பொறுப்பும் மிகுதி. நம்பிச் சொல்லப்பட்ட சொல் ஓர் அமானிதம். கொடுத்தவரே அதன் அருமையை அறியாவிடினும், பெற்றவர் காத்தாக வேண்டும்.

"பெயரும் முகமும் இல்லாவிட்டால் யார் நம்புவார்?" என்று இளைஞர் கேட்டார். நேர்மையான கேள்வி. நீதிமன்றத்து வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. இறந்த யானைகளின் உடற்கூற்று ஆய்வுக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தேடி அலைவது கடினம். அதில் புகழும் குறைவு. ஆனால் அந்த உழைப்பு அவருடையது, அந்த இழப்பும் அவருடையது. தன் உயிரைப் பணயம் வைப்பவனை வீரன் என்கிறோம். பிறன் உயிரைப் பணயம் வைத்துத் தான் புகழ்பெறுபவனுக்கு அப்பெயரைத் தர நம் நா எழவில்லை.

சில வாரங்களுக்குப்பின் கட்டுரை வெளிவந்தது. முதற்பக்கத்தில் அன்று, உட்பக்கத்தில். முதியவர் படம் இல்லை; ஊர்ப்பெயரும் இல்லை. இளைஞருக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் அதை நம்மிடம் மறைக்கவில்லை. அவர் துணிவுக்கு அவரே தந்த விலை அந்த வருத்தம். முதியவர் அதைத் தர நேராதிருந்ததே நமக்கு நிறைவு.