கையொப்பத்துக்குப் பிறகு

இக்காஸ்ட், ஹேர்னிங் பக்கத்துத் தமிழர் பலர் இப்போது 2022இல் திறக்கப்பட்ட கோட்ஸ்ட்ரூப் வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். அங்கே சிகிச்சையோடு ஆய்வும் நடக்கிறது. சிகிச்சை தரும் வைத்தியரே ஆய்வுக்கும் சம்மதம் கேட்கலாம். வைத்தியராக அவருடைய அக்கறை முன்னால் இருக்கும் நோயாளி மீது. ஆய்வாளராக, இனி வரப்போகும் நோயாளிகள் மீது. இரண்டும் நல்லவை, ஆனால் ஒன்றல்ல.

இந்த இடைவெளிக்காகவே சுயாதீனமான அறநெறிக் குழு வேண்டுமென்று ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 1975ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அதை வரைந்தவர்களில் ஒருவர் டென்மார்க் வைத்தியர் பவுல் ரீஸ். 1992இல் இங்கே இதற்குச் சட்டம் வந்தது. பிராந்தியக் குழுக்களில் ஆய்வாளரைவிடச் சாதாரண மக்களே அதிகம்.

அப்படியென்றால், குழு அனுமதித்த பிறகு ஆய்வு நடக்கும் பிரிவுக்கு என்ன பொறுப்பு மிச்சம்?

திருவனந்தபுரத்தில் நடந்ததைப் பார்ப்போம். 1999-2000இல் அங்குள்ள பிராந்தியப் புற்றுநோய் மையத்தில், வாய்ப் புற்றுநோயாளர்களுக்கு ஒரு பரிசோதனை மருந்து ஏற்றப்பட்டது. ஆய்வில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் ஒருவர் பங்கெடுத்தார். அங்கே அறநெறிக் குழு இல்லாமல் இல்லை. அனுமதி கேட்டு ஆய்வு அதனிடம் போகவேயில்லை என்பதைப் பல்கலைக்கழகத்தின் விசாரணை 2001இல் ஒப்புக்கொண்டது. விடயத்தை வெளியே கொண்டுவந்தவர் அந்த மையத்திலேயே வேலைசெய்த ஒரு வைத்தியர்.

குழு தன் முன் வைக்கப்படுவதை மட்டுமே பார்க்கும். வைக்கப்படாததைப் பக்கத்தில் வேலைசெய்பவர்தான் பார்க்கமுடியும்.

பிரிவுத் தலைவருக்கும் நிதி, புகழ் என்று சொந்த அக்கறைகள் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் வெளியே ஒரு குழு வேண்டும். ஆனால் அன்றாடக் கேள்விகளை அந்தக் குழு கேட்கமுடியாது. சம்மதம் கேட்டது யார்? யோசிக்க நேரம் கொடுத்தார்களா? பக்கவிளைவுகளை ஆய்வாளர் அல்லாத ஒருவரும் பார்க்கிறாரா?

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: மொழிபெயர்த்தது யார்? டென்மார்க்கில் மூன்று வருடத்துக்கு மேல் வாழ்பவர்களிடம், சில விதிவிலக்குகளோடு, மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் கேட்கும் முறை 2018இல் வந்தது. அதனால் மகனோ மகளோ நடுவில் இருக்கநேர்கிறது. ஐந்து பக்கத் தகவல் தாள் இரண்டு வசனமாகச் சுருங்கும். "டொக்டர் சொன்னாச் சரி" என்று அம்மா கையொப்பம் வைப்பார்.

குழு படித்தது அந்த ஐந்து பக்கத்தை. அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு வசனத்தைக் கேட்டவர் அறையில் நின்ற தாதி. அவர் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்வதற்கும், அப்படிச் சொன்னதற்காக அவர் வேலையில் பாதிக்கப்படாமல் இருப்பதற்கும் வழிசெய்து வைப்பது பிரிவின் கடமை. மேலே ஒரு குழு இருக்கிறது என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடாது.