பற்று வரவு

மழை பிடித்துக்கொண்ட ஏதாவது ஒரு சனிக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பாருங்கள். பரிசல் துறையில் போலீஸ் நிற்கும். 'தண்ணி ஜாஸ்தி சார். பரிசல் கிடையாது, குளிக்கவும் கூடாது.' உடனே கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பும். 'இவ்ளோ தூரம் வந்ததே வேஸ்ட்!'

எரிச்சல் நியாயம்தான். லீவு போட்டு, பெட்ரோல் போட்டு, அருவி, பரிசல், மீன் வறுவல் என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரமாக ஆசை காட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால், அந்த 'வேஸ்ட்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

நமக்கு வேண்டியது அளவான காவிரி. அருவி கொட்டணும், பாறையும் தெரியணும். பரிசல் சுற்றணும், கவிழக் கூடாது. காவிரி நம்மோடு அப்படி ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அது மேட்டூருக்குப் போகிற வழியில் நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

2024-ல் என்ன நடந்தது? ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறக்கவேண்டிய மேட்டூர் அணையைத் திறக்க முடியவில்லை. போதிய இருப்பு இல்லை. ஜூலையில் கர்நாடகத்தில் மழை கொட்டி, காவிரி பெருகியது. ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. ஜூலை 28-ல் அணை திறந்தது. 30-ம் தேதி நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, அணை நிரம்பியது. ஒகேனக்கல்லில் நம்மைத் திருப்பி அனுப்பிய அதே தண்ணீருக்குத்தான் டெல்டா விவசாயி காத்துக்கிடந்தார். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தே தீரும்.

'அப்போ ஏமாற்றத்தை மறந்து சந்தோஷப்படணுமா?' என்று கேட்பீர்கள். நாம் வேண்டுமானால் படலாம். ஆனால், பரிசல் ஓட்டுபவரிடமும், எண்ணெய் மசாஜ் செய்பவரிடமும், மீன் வறுக்கும் அக்காவிடமும் போய், 'டெல்டா செழிக்குதே, சந்தோஷப்படுங்க' என்று சொல்லிவிட முடியுமா? நமக்குப் போனது ஒரு நாள் ஜாலி. அவர்களுக்குப் போனது அன்றைய அரிசி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுகிற கணக்கு, கள்ளக் கணக்கு.

இதைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. 'ஐந்நூறு கூடத் தர்றேம்ப்பா, ஓரமா ஒரு ரவுண்டு மட்டும் போயிட்டு வந்துடலாம்' என்று ரகசியமாக நோட்டை நீட்டுவது. அவர் சரி என்று தலையாட்டினால், அது துணிச்சலால் இல்லை, வீட்டில் அடுப்பு எரியணுமே என்பதால். நம் ஆசைக்கு அவருடைய பசியைப் பிணை வைப்பது என்ன நியாயம்?

விருந்துக்குப் போன வீட்டில் அன்றைக்கு வேறு விசேஷம் என்றால், வாசலில் நின்று வாழ்த்திவிட்டுத் திரும்புவதில்லையா? ஆற்றிடமும் அப்படித்தான். அனுமதிக்கும் இடத்தில் நின்று கண்குளிரப் பாருங்கள். கிளம்பும்போது அந்த அக்கா கடையில் மீன் சாப்பிடுங்கள். அன்று ஒரு நாளாவது பேரம் பேசாதீர்கள்.