பூட்டிக் கிடந்த நாட்களின் கூலி

கொரோனாவால் 2020இல் உலகப் பொருளாதாரம் ஏறத்தாழ 3 சதவீதம் சுருங்கியது என்றது சர்வதேச நாணய நிதியம். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையில் இந்தியாவின் வீழ்ச்சி ஏறக்குறைய 24 சதவீதம். கோவில்பட்டி, கழுகுமலை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் இந்தச் சதவீதங்களுக்கு ஒரே பொருள்தான்: ஊர்ப்பேச்சில் தீப்பெட்டி ஆபீஸ் எனப்படும் ஆலை திறக்கவில்லை.

இங்குள்ள கரிசல் காடு மழையை நம்பிய பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி உண்டு. அறுப்பு முடிந்துவிட்டால் கோடை முழுக்கக் காட்டில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் பல வீடுகளில் உலை வைப்பது தீப்பெட்டிக் கூலி. வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். குச்சிகளைக் கட்டையில் அடுக்கினாலும் பெட்டியில் அடைத்தாலும் எண்ணிக்கைக்குத்தான் காசு. மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. எண்ண ஒன்றுமில்லை, கூலியும் இல்லை. ரேஷன் கடையில் அட்டைக்கு 1,000 ரூபாய் கிடைத்தது. கடன் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி மட்டும் நிற்கவில்லை.

ஆபீஸ் திறந்த பிறகும் அடி ஓயவில்லை. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு வரி 5 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருந்தது. உலகெங்கும் கன்டெய்னர் தட்டுப்பாடு. ஏற்றுமதிக்கான கப்பல் வாடகை பல மடங்கானது. பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கும், மெழுகு 58இலிருந்து 80க்கும் போனதாக உற்பத்தியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. 14 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த விலையேற்றம் அது, நியாயமானதும்கூட.

ஆலைக்காரரால் தம் சுமையை விலையில் ஏற்ற முடிந்தது. கட்டை அடுக்கும் பெண் தனக்குப் போன நாட்களை எதில் ஏற்றுவாள்? பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று சொல்லும் கணக்கில் அவள் வாங்கிய கைமாற்றும் அடகு வைத்த கம்மலும் சேர்வதில்லை.

தொற்றைத் தடுக்க ஆலையை மூடியது சரிதான். அப்படி அரசு உத்தரவால் மூடும் நாட்களுக்கு, முந்தைய மாதங்களின் சராசரிக் கூலியில் பாதியாவது எண்ணிக்கைக் கூலிக்காரருக்குக் கிடைக்கச் சட்டம் வேண்டும். யாருக்கு எவ்வளவு கூலி என்பது ஆலைக்குத் தெரியும். கொண்டு சேர்க்க அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கோ, அந்த நாளின் கூலிக்குப் பொறுப்பும் அவர்களுக்கே. அடுத்த தொற்று வருமுன் இதை எழுதி வைத்தாக வேண்டும்.