சரணடைந்தவனைக் கொன்ற கை

சித்ரா பௌர்ணமியன்று அல்லிநகரம், கம்பம் சனங்கள் கூடலூர் மலைமேல் ஏறிக் கும்பிடும் மங்கலதேவி கண்ணகி, அரசவையில் வழக்காடியவள். கணவன் கோவலனின் கொலைக்கு அவள் நியாயம் கேட்டாள். பாண்டியன் பிழையை ஒப்புக்கொண்டு அரியணையிலேயே உயிர்விட்டான். அவன் நேர்மையை நாம் மெச்சிப் பழகிவிட்டோம். கோவலனை வெட்டிய காவலனைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சிலப்பதிகாரமும் அவனை அப்படியே விட்டுவிடுகிறது. ஆனால் அதே கொலைக்களத்தில், இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று மற்றக் காவலர்கள் தயங்கினார்கள். அரச ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களால் தயங்க முடிந்தது என்றால், இவன் வாளை வீசியது இவனே எடுத்த முடிவு. ஆணையிட்டவன் குற்றவாளி என்பதால் வெட்டியவன் நிரபராதி ஆகிவிட மாட்டான். நூரம்பர்க் தீர்ப்பு 1946-இல் இதையே உறுதிசெய்தது.

இலங்கையின் முள்ளிவாய்க்காலில் 2009 மே 18 அன்று நடந்ததை இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசனும் சமாதானச் செயலகத்தின் புலித்தேவனும் இடையாளர்கள் வழியே பேசி, வெள்ளைக்கொடியோடு சரணடையப் போனவர்கள். அவர்களைப் பாதுகாப்புப் படையினர் கொன்றிருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்றது 2015-இல் வெளிவந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக விசாரணை அறிக்கை. இலங்கை அரசு மறுக்கிறது. மறுப்பு உண்மையா என்று சோதிக்கவும் வழக்குதான் வழி.

சரணடைவது போல வந்து இடுப்பில் கட்டிய குண்டை வெடிக்கச் செய்தால் சிப்பாய் என்ன செய்வான் என்று கேட்பார்கள். தற்கொலைப் படை வைத்திருந்த இயக்கத்தோடு மோதியவனுக்கு அந்தப் பயம் நியாயமானதே. எட்ட நிறுத்துவதும் சோதனை போடுவதும் அதற்காகத்தான். ஆனால் சோதனை முடிந்து, கைகட்டி உட்காரவைத்த பிறகு சுட்டதற்கு அந்தப் பயம் சமாதானமாகாது. தோழனைப் பறிகொடுத்த வெறி என்றால், அதையும் நம் மரபு அறியும். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், படையிழந்து தனித்து நின்ற இராவணனை இராமன் போகவிட்டதைக் காட்டுகிறார். இத்தனைக்கும் மனைவியைக் கவர்ந்தவன் அவன், சரணும் அடையவில்லை.

புலிகள் செய்யவில்லையா என்பது அடுத்த கேள்வி. செய்தார்கள். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த போலீசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதைப் பேசக் கூசுகிற தமிழனுக்கு வெள்ளைக்கொடியைப் பற்றிப் பேச வாயில்லை. ஆனால் ஒரு கொலையைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது; இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

சொந்தப் படையை எந்த நாடு கூண்டில் ஏற்றும் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இலங்கையே ஏற்றியிருக்கிறது. 1971 கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிடிபட்ட பிரேமாவதி மனம்பேரியைக் கொன்றதற்காக, லெப்டினன்ட் ஒருவர் உட்பட ராணுவத்தினர் தண்டனை பெற்றார்கள். 2000-இல் மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது; உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அவரை மன்னித்து வெளியே விட்டவர் அப்போதைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச. 2009 மே மாதத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவரும் அவரே.