கேட்டதும் கேட்காததும்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பாட்டுக்கு வந்தது. நண்பர் என் பக்கம் திரும்பி, "நீங்க ரெயின்கோட்ஸ் கேட்டிருக்கீங்களா? லண்டன் பொண்ணுங்க. சமீபத்துலதான் கண்டுபிடிச்சேன். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பே அந்தக் குழுவைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் எழுதியிருந்தேன். ஒன்றை இவருக்கே அனுப்பியிருந்தேன். படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பதிலும் போட்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கட்டுரையைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தேன். நிலத்தகராறில் பட்டாவைத் தேடி எடுப்பவரைப்போல.

நம்மிடமிருந்து தெரிந்துகொண்டதை நமக்கே வந்து விளக்கும் ஆண்களைப் பற்றி இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை அன்றிரவு தூங்கவிடாதது வேறு. அவர் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்? ரெயின்கோட்ஸ் என் குழு அல்ல. அவர்கள் பாட ஆரம்பித்தபோது நான் பிறக்கக்கூட இல்லை. அவர்களுக்கு என்னைத் தெரியாது. பின் எதற்கு இந்தப் பட்டா?

பதினைந்து வருடங்களாகப் புதிய குழுக்களைத் தேடிக் கேட்டு எழுதி வருகிறேன். தேடுவது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குழு தன் ஆல்பத்தில் யாருக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறது என்று பார்ப்பேன். அவர்களுக்கு முன்னால் அதே மேடையில் வாசித்தவர்கள் யார் என்று பார்ப்பேன். அடுப்படி வேலை முடிந்து, வீடு அடங்கிய பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முப்பது பாட்டு கேட்டால் ஒன்று நிமிர்ந்து உட்கார வைக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் எல்லாம். மறுநாள் அதைப் பற்றி எழுதும்போது "நான் கண்டுபிடித்தேன்" என்ற சொல் தானாக வந்து விழும். கண்டு, பிடிப்பது. நமக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்பதற்கும், ஒன்றைக் கையில் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். மொட்டைமாடியில் எனக்கு வந்தது இரண்டாவது பிடிப்பின் கோபம்.

ரெயின்கோட்ஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். 1977இல் லண்டனில் கலைக்கல்லூரி மாணவிகளான ஆனா த சில்வாவும் ஜீனா பிர்ச்சும் ஆரம்பித்த குழு. 1979இல் முதல் ஆல்பம். பால்மாலிவ் டிரம்ஸ், விக்கி ஆஸ்பினால் வயலின். பாட்டு எந்த நேரமும் உடைந்து விழப்போவதுபோல இருக்கும், ஆனால் விழாது. 1984இல் குழு கலைந்தது. 1992இல் நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்ன் லண்டனில் ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடைக்குப் போய், தன்னிடம் தேய்ந்துபோன அந்த முதல் ஆல்பத்துக்கு இன்னொரு பிரதி கேட்டார். ஆனா பக்கத்தில்தான் ஓர் உறவினரின் பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று கடையில் சொன்னார்கள். கோபெய்ன் நடந்தே போய் அவரைப் பார்த்தார். அந்தச் சந்திப்பைப் பற்றித் தன் குழுவின் அடுத்த தொகுப்பில் உருகி எழுதினார். பிறகு ரெயின்கோட்ஸ் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. முதல் ஆல்பத்துக்குக் குறிப்பு எழுதியதும் கோபெய்ன்தான்.

இந்தக் கதையை எழுதுபவர்கள் எல்லோரும், நானும் சேர்த்து, கோபெய்ன் ஒரு தொலைந்த குழுவைக் கண்டெடுத்ததாகத்தான் எழுதியிருக்கிறோம். ஆனா த சில்வா எங்கே தொலைந்தார்? வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் இருக்கும் இடம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் கோபெய்னைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நடந்து போயிருக்காவிட்டால் அந்தப் பாட்டு என்னிடம் வந்திருக்காது. 1970இல் ஓர் ஆல்பம் போட்டு, அது விற்காமல் போனதும் பாட்டையே விட்டுவிட்ட வாஷ்டி பன்யனும் அப்படித்தான். 2000இல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தது. 2005இல் அவரே இரண்டாவது ஆல்பம் போட்டார். முப்பத்தைந்து வருட இடைவெளி! தேடிப் போகிறவர்கள் இல்லாவிட்டால் பெண்களின் பாட்டு பரணிலேயே கிடந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கண்டெடுத்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போவதில்லை. எம்.ஐ.ஏ.வுக்கு நடந்தது நமக்குத் தெரிந்ததே. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, பத்துப் பதினோரு வயதில் அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம். எலாஸ்டிகா குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகிதான் ரோலண்ட் 505 என்ற தாளக் கருவியை எடுத்து நீயே செய்து பார் என்று தூண்டினார். அதில்தான் மாயா தன் முதல் பாட்டுகளை உருவாக்கினார். 2003இல் 'கலாங்' ஐந்நூறே பிரதிகள் அச்சாகி, இணையத்தில் கைமாறிப் பரவியது. 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயர், 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மா பெயர். முதல் ஆல்பத்தில் டிப்லோ என்ற அமெரிக்க டிஜே ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இசை செய்திருந்தார். ஆனாலும் மாயாவை உருவாக்கியவர் அவரே என்று ஊரெல்லாம் எழுதியது. 2007 நேர்காணல் ஒன்றில் மாயா இதை உடைத்துப் பேசினார். எட்டு வருடம் கழித்து ஐஸ்லாந்தின் பியோர்க் இதே கதையைத் தன் வாயால் சொன்னார். மூன்று வருடம் தானே உட்கார்ந்து தாளம் தாளமாகக் கட்டிய ஆல்பத்தில், மாட்மோஸ் என்ற இருவர் கடைசி இரண்டு வாரம் வந்து சேர்ந்தார்கள். பெயர் அவர்களுக்குப் போனது.

நான் எழுத ஆரம்பித்த புதிதில் மாயாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நம்ம ஊர்ப் பெண் என்ற பெருமை பொங்கி வழியும் கட்டுரை. அதன் இரண்டாவது பத்தியிலேயே டிப்லோவின் பெயர் இருக்கிறது. படித்ததை அப்படியே இறக்கியிருக்கிறேன். அதே மாயாவின் 'பாய்ஸ்' பாட்டில் சென்னையில் பதிவுசெய்த உறுமி அதிர்கிறது. அதைக் கேட்டு ஆடியிருக்கிறேன், "உலகத்தரம்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். வாசித்தவர்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. என் பட்டாவைத் தேடியது மட்டும் உடனே தோன்றியது.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் பாட விரும்பிப் பாடியவர்கள். அவர்களைப் பற்றிய தகராறு பெயர் யாருக்கு என்பதோடு முடிகிறது. ஷாக்ஸ் சகோதரிகளின் கதை அப்படி முடிவதில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஃப்ரீமான்ட் என்ற சின்ன ஊர். ஆஸ்டின் விக்கின் என்ற தகப்பனுக்கு அவருடைய அம்மா சின்ன வயதில் கைரேகை பார்த்துச் சொல்லியிருந்தார்: உன் பெண்கள் பெரிய இசைக்குழுவாக வருவார்கள் என்று. முன்பு சொன்ன இரண்டு பலித்துவிட்டதால் மூன்றாவதையும் பலிக்கவைக்கத் தகப்பன் கிளம்பினார். டாட், பெட்டி, ஹெலன் மூவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கிதாரும் டிரம்ஸும் வாங்கிப் போட்டார். காலையும் மாலையும் பயிற்சி. ஊர் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் வாசிக்க வைத்தார். ஊர்ப் பிள்ளைகள் கேலிசெய்தார்கள், கையில் கிடைத்ததை விட்டெறிந்தார்கள். 1969இல் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ஓர் ஆல்பம் பதிவுசெய்தார். 1975இல் தகப்பன் செத்தார். அதோடு பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது முடிந்தது.

1980இல் வேறொரு குழுவைச் சேர்ந்தவர்கள் அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். தாளம் ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம் போகும் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் மேதைமை என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. இசை கற்காத பெண்கள் ஆண்களின் இலக்கணத்தை உடைத்தார்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். என் கட்டுரைகளிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். தகப்பனின் கதை எனக்கு அப்போதே தெரியும். ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். விடுதலையின் குரல் என்று நான் கொண்டாடிய குரல், வாயைத் திற என்று உத்தரவு போட்டதால் வந்த குரல்.

பெண்களின் குரல் வெளியே வரவேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். யார் வெளியே கொண்டுவந்தால் சரி? எப்படி வந்தாலும் வந்தது வந்ததுதானா? பதிப்பித்த பாட்டைப் பற்றி யாரும் எழுதலாம், அதற்கு அனுமதி வேண்டியதில்லை என்பார்கள். சரிதான். அனுமதி கேட்டுக் கேட்டு விமர்சனம் எழுத முடியாது. ஆனால் அதைப் பதிப்பித்தது அவர்களா, அப்பாவா? சட்டத்துக்கு இந்தக் கேள்வி வேண்டாதது. எனக்கு வேண்டும்.

என் பெரியம்மா நன்றாகப் பாடுவார். பாட்டு கற்றவர் இல்லை. மாவாட்டும்போது, துணி மடிக்கும்போது, தனக்குத் தானே. ஒருமுறை அடுப்படி வாசலில் நின்று போனில் பதிவுசெய்தேன். அதைத் தோழிகளுக்கு அனுப்பினேன், அவர்கள் வேறு பலருக்கு அனுப்பினார்கள். "என்ன குரல்! எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று யார் யாரோ எழுதினார்கள். சந்தோஷமாகப் பெரியம்மாவிடம் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஏன்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

பாட்டைக் கேட்பதும் ஆளைக் கேட்பதும் தமிழில் ஒரே சொல்தான். ஒன்றைச் செய்யும்போது இன்னொன்றையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வது சுலபம். அதற்குப் பிறகு பெரியம்மா நான் இருக்கும்போது பாடுவதில்லை. கோபம் எல்லாம் இல்லை, சாப்பாடு போடுவார், பேசுவார், சிரிப்பார். அடுப்படிக்குள் நான் நுழைந்தால் பாட்டு நின்றுவிடும்.

கண்டுபிடிக்கப்பட மறுத்த பெண்களைப் பற்றி அதன்பிறகுதான் கவனமாகப் படித்தேன். 1991 வாக்கில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் ரயட் கேர்ள் என்று கிளம்பியவர்கள். அவர்களில் எழுதுகிறவரும் பாடுகிறவரும் ஒருவரே. பிகினி கில் குழுவில் டிரம்ஸ் வாசித்த டோபி வெயில் அதற்கு முன்பே நகலெடுத்துக் கையில் கொடுக்கும் பத்திரிகை நடத்தியவர். கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்து பெண்களை முன்வரிசைக்கு வரச்சொல்வார். பெரிய பத்திரிகைகள் தேடிவந்து, உடுப்பையும் உடம்பையும் பற்றி எழுத ஆரம்பித்ததும், 1992இல் இனி அவர்களிடம் பேசுவதில்லை என்று பலர் முடிவெடுத்தார்கள். அந்த முடிவால் அவர்களுக்கு நஷ்டமும் வந்தது. அவர்களைப் பற்றி மற்றவர்கள் இஷ்டத்துக்கு எழுதினார்கள். ஆனாலும் அந்த "மாட்டோம்" எனக்குப் பிடிக்கிறது. எனக்கு அந்தத் துணிச்சல் அவர்கள் இடத்தில் இருந்திருக்குமா தெரியாது. கூப்பிட்டால் ஓடியிருப்பேன்.

ஷாக்ஸ் கதையையும் நான் சொன்ன இடத்தில் நிறுத்தினால் பொய்யாகிவிடும். 2006இல் ஹெலன் இறந்தார். 2013இல் டாட், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் பெயரிலேயே ஒரு குழு வைத்துப் புது ஆல்பம் போட்டார். 2017இல் அவரும் பெட்டியும் ஒரு திருவிழா மேடையில் அந்தப் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். ஐம்பது வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்காகப் பாடியதையே. இந்த முறை அப்பா இல்லை, வற்புறுத்த யாரும் இல்லை. மறுவெளியீடு செய்தவர்கள் இல்லாவிட்டால் அந்த மேடையும் இருந்திருக்காது. அப்படியானால் 1980இல் மறுபடி வெளியிட்டதைச் சரி என்று சொல்லிவிடலாமா? எனக்குச் சொல்ல வரவில்லை. தவறு என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை. என் மூன்று பக்கக் கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும் இன்று எழுதினால் மூன்று பக்கமாக எழுதுவேன்.

மொட்டைமாடி நண்பருக்குப் பழைய கட்டுரையை மறுபடி அனுப்பவில்லை. அனுப்ப நினைத்தது உண்மை.

இந்த வருடம் சித்திரையில் ஒரு புதுக் குழு கிடைத்தது. மூன்று பெண்கள், இருபது இருபத்திரண்டு வயது இருக்கலாம். வீட்டில் பதிவுசெய்த நான்கு பாட்டுகள். மூன்றாவது பாட்டின் நடுவில் பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. நீக்கவில்லை, அல்லது நீக்கத் தெரியவில்லை. யாரும் இதுவரை இவர்களைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை. கட்டுரை மனத்தில் முழுதாக ஓடிவிட்டது, முதல் வரிகூட இருக்கிறது. எழுதலாமா, எதைச் சொன்னால் உங்களுக்குச் சம்மதம், எதை விடவேண்டும் என்று கேட்டு அவர்களுக்கு எழுதினேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தினமும் இரவு அந்த மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.